ஒளிந்து பார்க்கும் பாட்டுப் படங்கள்: பிடிப்பது ஏன், கூச்சம் எதற்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பை செம்பூரில் இருக்கிறீர்கள், வயது முப்பத்திரண்டு. சின்ன வயதில் மாதுங்காவில் பாட்டு கற்றவர். இப்போது எட்டு வயது மகளும் அங்கேதான் கற்கிறாள். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் இயர்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்கப் பள்ளிக்கூடப் பாட்டுப் படங்களைப் பார்க்கிறீர்கள். கதை அசட்டுத்தனம் என்று தெரிகிறது, அடுத்த வசனம் என்ன என்றுகூடத் தெரிகிறது, இருந்தும் கடைசிப் பாட்டில் புல்லரிக்கிறது. “பாட்டுப் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் என்ன வெட்கம்? என் ரசனை கெட்டுப்போய்விட்டதா? மகளுக்கு இதையெல்லாம் காட்டலாமா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

இந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்பதும், பிடிப்பதில் ஏன் கூச்சம் என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு விடை பெரும்பாலும் பாட்டு கட்டப்படும் விதத்தில் இருக்கிறது. வாத்திய அமைப்பும் குரல் பதிவும் என் தொழில் என்பதால் அதைப் பற்றி உறுதியாகவே பேச முடியும். இரண்டாவதற்கு விடை படத்துக்குள் கிடைக்காது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் கிடைக்கும். அங்கே நான் சொல்வது ஊகம். மனவியல் என் துறை அல்ல, அதனால் அந்தப் பகுதியைச் சற்றுத் தள்ளிவைத்தே படியுங்கள்.

நம் படங்களில் வசனம் முடிந்தால் ஒரு வெட்டு, அடுத்த ஷாட் ஊட்டி. யாரும் காரணம் கேட்பதில்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் (1982) முகம் மோகனுடையது, குரல் எஸ்.பி.பி.யுடையது என்பது தியேட்டரில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் அது உறுத்தவில்லை. அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய் நாளாகிவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பாடினால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் அவர்களுடைய பதின்பருவப் படங்கள் பாட்டுக்கு ஒரு சாக்கு வைத்துக்கொள்ளும்: பள்ளி நாடகத் தேர்வு, கோடைக்கால முகாம், பாட்டுப் போட்டி. ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ கதையே (டிஸ்னி சேனலில் 2006 ஜனவரி 20 அன்று வந்தது) பள்ளி நாடகத்தில் பாட யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான்.

சாக்கு இருந்தால் மட்டும் போதாது. பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் ஒட்டை மறைக்கத் தனி வேலை இருக்கிறது. வசனம் படப்பிடிப்பு இடத்தில் பதிவானது, அதில் அந்த அறையின் காற்றும் எதிரொலியும் இருக்கும். பாட்டு ஸ்டுடியோவில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பதிவானது. இரண்டையும் அப்படியே அடுத்தடுத்து வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் நல்ல மிக்ஸிங்கில் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் வேலை), கடைசி வசனத்துக்கு அடியிலேயே நான்கு முதல் எட்டுச் சுற்று வரை (சுற்று ஒன்றுக்கு நான்கு தட்டு) இசையைத் தவழவிடுவார்கள். முதல் வரியைப் பாதிப் பேச்சாகப் பாடவைப்பார்கள். அதற்கு முன் ஒரு மூச்சுச் சத்தத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். ஸ்டுடியோக் குரலுக்கு அந்த அறையின் அளவுக்கு எதிரொலிப்பு சேர்த்து, முதல் இரண்டு வரிக்குக் காலடிச் சத்தத்தையும் விட்டுவைப்பார்கள். மட்டமான படத்தில் இதெல்லாம் இருக்காது. முதல் எழுத்திலேயே குரல் பளபளவென்று மாறும், உங்களுக்கு உடம்பு கூசும். “சே, என்ன அசட்டுத்தனம்” என்று தோன்றும் இடங்களில் பாதி இந்த ஒட்டுத் தெரிந்த இடங்கள்தான். கதைமீது பழியைப் போடுகிறோம், தவறு மிக்ஸிங் மேசையில் நடந்திருக்கிறது.

அடுத்தது பாட்டு. உங்களுக்கு ராகம் தாளம் தெரியும் என்பதால் நேராகவே சொல்கிறேன். நம் திரைப்பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். சரணம் போய்த் திரும்பி எப்படிப் பல்லவியைத் தொடுகிறார் என்பதில்தான் சுகம். இந்தப் பாட்டுகளில் பல்லவியை முதலில் தரமாட்டார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொண்டால், நான்கு தட்டுச் சுற்று ஒன்றுக்கு இரண்டு வினாடி. முன்னிசை 4 சுற்று, 8 வினாடி. முதல் அடிகள் 16 சுற்று, 32 வினாடி. பிறகு ஏற்றம் என்று ஒரு பகுதி 8 சுற்று, 16 வினாடி. ஆக 56-வது வினாடியில் பல்லவி வெடிக்கும். ஏற்றத்தில் அடித்தாளம் மெலியும் அல்லது நின்றே போகும், மெட்டு படிப்படியாக மேலே போகும், சொற்கள் நெருங்கும். பல்லவியில் தாளம் முழுசாகத் திரும்பிவரும், ஒற்றைக் குரல் நாலைந்து அடுக்காக விரியும். இதை ஒருமுறை கேட்டவருக்கே இரண்டாம் முறை எங்கே வெடிக்கும் என்று தெரிந்துவிடும். தெரிந்து காத்திருப்பதில்தான் இன்பம். “எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது” என்று நீங்கள் குறையாக எழுதியிருப்பதுதான் இந்தப் பாட்டில் வேலை செய்யும் பாகம்.

மெட்டும் அப்படித்தான். பல்லவி பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் (கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை), அல்லது அதற்கு ஒன்றிரண்டு சுரம் மேலே கீழே அடங்கிவிடும். தாவல்கள் குறைவு. அடியில் நான்கு கார்டுகள் (chord, ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டம்) சுற்றிச் சுற்றி வரும். பயிற்சி இல்லாத பதின்மூன்று வயதுப் பெண் இரண்டாம் முறை கேட்கும்போதே கூடப் பாட வேண்டும் என்பதுதான் கணக்கு. ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ முதல் படத்தைத் திரையில் வரிகள் ஓடும் பதிப்பாகவும் டிஸ்னி ஒளிபரப்பியது. பார்க்க எடுத்த படம் என்பதைவிடப் பாட எடுத்த படம் என்பதே பொருத்தம். ராக ஆலாபனையின் அளவுகோலை இதன்மேல் வைத்தால் ஒன்றும் தேறாது. அதற்காக எளிய வேலை என்றும் நினைக்க வேண்டாம். யாராலும் பாட முடிகிற, ஆனால் சலிக்காத எட்டுச் சுற்று எழுதுவது கடினம், வருடத்துக்கு வெளிவரும் இத்தகைய பாட்டுகளில் மிஞ்சுவது மிகச் சில.

கடைசிப் பாட்டில் உங்களுக்குப் புல்லரிப்பதற்கு வருகிறேன். மூன்றாம் முறை பல்லவி வரும்போது மொத்தப் பாட்டையும் அரைச்சுரமோ ஒரு முழுச்சுரமோ மேலே தூக்குவார்கள். நம் கட்டைக் கணக்கில் (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஒரு கட்டையில் போய்க்கொண்டிருந்த பாட்டு ஒன்றரைக்கோ இரண்டுக்கோ தாவும். மேற்கத்திய பாப் இசையில் இது பழைய வித்தை, விமர்சகர்கள் மலிவான வித்தை என்பார்கள். ஆனால் தம்புராவோடு வளர்ந்த காதுக்கு ஆதார சுருதி என்பது தரை. கிரகபேதம் செய்தாலும், அதாவது வேறொரு சுரத்தை ‘ச’வாக வைத்து வேறு ராகம் காட்டினாலும், தம்புரா தன் இடத்தில்தான் நிற்கும். அந்தத் தரையே நகர்கிறபோது, பாப் கேட்டே வளர்ந்தவரைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தூக்கிப்போடும் என்பது என் எண்ணம். இதை யாரும் அளந்ததாக நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால், கெட்டுப்போன ரசனை என்று நீங்கள் நினைப்பது உங்கள் குரு கொடுத்த காது.

இன்னொரு நுட்பம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை என்று நாம் வைத்துக்கொள்வது சும்மா இல்லை. இயல்பான ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வசதியான இடங்கள் அவ்வளவு தள்ளி இருக்கின்றன. இருவரும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடினால் ஒருவர் திணற வேண்டும். காதல் டூயட்டில் பெரும்பாலும் ஆணை மேலே தள்ளுவார்கள். உச்ச ஸ்தாயியில் பையனின் குரல் பிய்ந்துவிடுமோ என்று தோன்றும் அந்த இழுப்புதான் உணர்ச்சியாகக் கேட்கிறது. ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ முதல் படத்தில் நாயகன் ஜாக் எஃப்ரானின் குரலுக்கு அந்தப் பாட்டுகள் மிக உயரம். அதனால் பாட்டுகளில் நீங்கள் கேட்பது பெரும்பகுதி ட்ரூ சீலி என்பவரின் குரல். இரண்டாம் படத்திலிருந்து (2007) எஃப்ரான் தானே பாடினார், பாட்டுகளும் அவர் குரலுக்கு இறங்கி வந்தன. கூர்ந்து கேட்டால் இரண்டு படங்களுக்கும் நடுவே நாயகனின் குரலே கனத்திருப்பது தெரியும். இந்தச் செய்தி வெளியானபோது அங்கே ஏமாற்று வேலை என்று பேசினார்கள். நமக்கு அது வெறும் பின்னணிப் பாடகர், டைட்டிலில் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பதோடு முடிந்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ இயக்குநர் கென்னி ஒர்டேகா, 1987-இல் வந்த ‘டர்ட்டி டான்சிங்’ படத்துக்கு நடனம் அமைத்தவர், அதற்கு முன் 1980-இல் பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஜீன் கெல்லியோடு வேலை செய்தவர். பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களின் பாடம் ஒன்று அவரிடம் இருக்கிறது: ஆடுகிறவரின் தலையும் காலும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். கூடைப்பந்து மைதானப் பாட்டைத் திரும்பப் பாருங்கள். பந்து தரையில் படும் சத்தமும் ஷூ கிறீச்சிடுவதும் தாளக்கட்டுக்குள்ளேயே கோத்திருக்கும், ஆட்டக்காரர்கள் முழு உருவமாகத் தெரிவார்கள். அந்தப் படத்தின் நடன அமைப்புக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. தொலைக்காட்சிக்கு எடுத்த, சுமார் 42 லட்சம் டாலரில் முடித்த படம் அது. பயிற்சி போதாத நடிகர்களை வைத்து எடுக்கும்போது என்ன செய்வார்கள் என்றால், ஒவ்வொரு எட்டு எண்ணிக்கைக்குள்ளும் மூன்று நான்கு வெட்டு போட்டு முகம், கை, ஷூ என்று துண்டுதுண்டாகக் காட்டுவார்கள். வேகம் மாதிரி இருக்கும், உடம்பில் ஒட்டாது. 120 தட்டில் எட்டு எண்ணிக்கை என்பது நான்கு வினாடி. ஒரு ஷாட் எட்டு எண்ணிக்கை முழுவதும் வெட்டாமல் நின்றால் ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பலாம்.

இனி உறுதி குறைந்த பகுதி. இணையத்தில் எல்லோரும் “டோபமைன்” (இன்பத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனம்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இசையில் புல்லரிப்பு வரும் நேரத்திலும், அதற்குச் சற்று முன் எதிர்பார்ப்பின்போதும் மூளையில் டோபமைன் வெளிப்படுவதை மான்ட்ரியலில் ஓர் ஆய்வு 2011-இல் காட்டியது உண்மைதான். ஆனால் அதில் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது எட்டே பேருக்கு. அவரவருக்குப் புல்லரிப்பு தரும் இசையை அவரவரே கொண்டுவந்தார்கள், அதுவும் பாடல் வரிகள் இல்லாத இசை. அதை எடுத்துப் பள்ளிக்கூடப் படத்தின் கடைசிப் பாட்டுக்கு ஒட்டுவது என் பார்வையில் அதிகம். நினைவு பற்றிய ஆய்வுகள் இதைவிட உறுதியானவை: சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன, அந்த வயதில் கேட்ட பாட்டுகளும் அப்படியே. டிஸ்னி சேனல் இந்தியாவுக்கு வந்தது 2004 டிசம்பரில். கணக்குப் போட்டால் உங்களுக்கு அப்போது பத்து, பதினொன்று வயது, சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 45 வயதில் முதல்முறை பார்த்து மயங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த விளக்கம் உதவாது.

நினைவு என்றாலும், எதன் நினைவு? செம்பூர்ப் பள்ளியில் நடைபாதை முழுக்க லாக்கர் வரிசை கிடையாது, மேசைமேல் ஏறி ஆட வசதியான சாப்பாட்டுக் கூடமும் கிடையாது. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட பள்ளிக்கூடம். படத்தில் வருவது யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள நிஜப் பள்ளிதான், ஆனால் அங்கே படித்தவர்களுக்கும் வாழ்க்கை அப்படி இருந்திருக்காது. இந்த வகைப் படங்களில் யாரும் நிஜப் பதின்பருவத்தில் இருப்பதே இல்லை. ‘கிரீஸ்’ (1978) படப்பிடிப்பின்போது ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28 வயது, ஸ்டாக்கர்ட் சானிங்குக்கு 33. பரு இல்லை, பரீட்சை இல்லை, வீட்டு வாடகை பேச்சு இல்லை. யாருக்கும் கிடைக்காத ஒரு பதினாறு வயதை எல்லோருக்கும் பொதுவாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அது உங்கள் ஊரில் நடக்கவில்லை என்பது தடையே இல்லை.

கூச்சத்துக்கு வருவோம். மாதுங்கா, செம்பூர்த் தமிழ் வீடுகளில் இசைக்கு ஓர் ஏணி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஷண்முகானந்தா அரங்கக் கச்சேரி உச்சியில், இளையராஜா அதற்குக் கீழே மரியாதையான படியில், அரோரா தியேட்டரில் விசிலடித்துக் கேட்ட பாட்டு அதற்கும் கீழே. டிஸ்னிப் பாட்டு ஏணியிலேயே இல்லை. கல்லூரிக்குப் போனால் இன்னொரு ஏணி: அங்கே ஆங்கில ராக் கேட்பவர் மேலே, தமிழ்ப் பாட்டு கேட்பவர் வாய்திறப்பதில்லை, பதின்வயதுப் பெண்கள் விரும்பும் பாப் கடைசியில். இரண்டு ஏணியிலும் அடிமட்டத்தில் கிடக்கும் பொருளை நீங்கள் விரும்புகிறீர்கள், அவ்வளவுதான். பதின்வயதுப் பெண்கள் கூட்டமாக விரும்பும் எதையும் முதலில் கேலி செய்வது எல்லா ஊரிலும் வழக்கம். அதே இளமை, அதே அசட்டுக் காதல் உள்ள ‘அலைகள் ஓய்வதில்லை’யை (1981) ஹாலில் சத்தமாக வைத்துப் பார்ப்பீர்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இயர்போன் தேவைப்படுவது வீட்டு ஆட்களுக்காக.

ஆனால் வேறு ஒரு நெருடல் உங்களுக்கு இருந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். இந்தப் படங்களில் பலமுறை, மேடைக்காக வருடக்கணக்கில் உழைத்த பெண்தான் வில்லி, நேற்று தற்செயலாகப் பாட வந்தவள் நாயகி. உழைப்பை ஆணவமாகவும் தற்செயலைத் திறமையாகவும் காட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம், அதுவும் பாட்டு கற்கும் குழந்தைகள் பார்க்கும் படத்தில். படத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டே இதைச் சுட்டிக்காட்டலாம், இரண்டும் ஒருசேர முடியும்.

உங்களைப் பிடித்துவைத்திருப்பது நினைவா, வேலைப்பாடா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. சின்ன வயதில் பார்க்காத, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு பதின்பருவப் பாட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பாட்டைப் படம் பார்க்காமல் கேளுங்கள், மறுநாள் காலையில் பல்லவி வாயில் வருகிறதா பாருங்கள். பிறகு அதே பாட்டைச் சத்தமில்லாமல் பாருங்கள், கால் தானாகத் தட்டினால் வெட்டுகள் தாளத்தில் விழுந்திருக்கின்றன. கடைசியாக, பாட்டு முடிந்தபின் கதையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல பாட்டு முடிவெடுக்கும் கணத்தில் வரும், மோசமான படத்தில் முடிவு வசனத்திலேயே எடுத்தாகிவிடும், பாட்டு அதைத் திரும்பச் சொல்லும். மூன்றிலும் தேறினால் படம் நன்றாகச் செய்யப்பட்டது, கூச்சப்பட ஒன்றுமில்லை. எதிலும் தேறாத ஒரு படம் உங்களுக்கு மட்டும் பிடிக்கிறது என்றால் அது நினைவின் வேலை. அதிலும் தப்பில்லை, அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யாமலிருந்தால் போதும்.

மகள் விஷயம். “சுருதி ஞானம் கெட்டுவிடும்” என்று ஆசிரியர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் ஒரு சிறு நியாயம் உண்டு. இந்தப் பாட்டுகளில் குரலைக் கணினியில் திருத்தி ஒவ்வொரு சுரத்தையும் நேர்க்கோடாக்கி விடுவார்கள். அதைப் போலவே பாடப் பழகினால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) தட்டையாகும் என்பதுதான் கவலை. ஆனால் மும்பைக் குழந்தை வீட்டில் தமிழும் கட்டடத்தின் கீழே இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் இடமறிந்து பேசுவதுபோல, பாணிகளையும் பிரித்தே வைத்துக்கொள்ளும். உண்மையான ஆபத்து தொண்டைக்கு. இருபது வயதுப் பெண்கள் மார்புக் குரலில் (பேச்சுக் குரலை ஒத்த கனத்த குரல்) உரக்கப் பாடியதை எட்டு வயதுக் குழந்தை அதே சுருதியில், அதே சத்தத்தில் பாட முயலும். கரோக்கி செயலியில் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்தலாம். கீழ்ச்சுரம் எட்டாமல் காற்றாகப் போனால் இரண்டு அரைச்சுரம் ஏற்றுங்கள், உச்சத்தில் கழுத்து நரம்பு புடைத்தால் இறக்குங்கள். ஒரே பாட்டில் இரண்டும் நடந்தால் அது அவள் குரலுக்கான பாட்டு இல்லை, பல்லவியை மட்டும் பாடட்டும். மறுநாள் தொண்டை கம்மியிருந்தால் அன்று பாட்டு வகுப்பும் வேண்டாம். கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.